கணவாயில் ஒரு சும்மாடு

“மூட்ட தூக்கறதுக்கு இமயமலை வரைக்கும் போவணுமாடி? களத்துக்கு வா, கூலியாவது கெடைக்கும்” என்றாள் அத்தை. “கொடம் தூக்கச் சொன்னா புஸ்தகத்தத் தூக்கினு ஓடினவ. இவளா தூக்கப் போறா?”

பென்னலூரில் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், கல்லூரிக்கும் நான்தான். கல்லூரி மலையேற்றக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டதை அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இனிச் சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்ப முடியாது. அதற்கு, ஏழாம் நாள் பனிக் கணவாயை அவரவர் பையை அவரவரே சுமந்து கடக்க வேண்டும்.

கணவாய்க்கு அரைமணி நடை இருக்கும்போது என் பையின் தோள்வார் அறுந்தது. ஒற்றைத் தோளில் மாட்டிப் பார்த்தேன். பை சரிந்து என்னையும் இழுத்தது. பனியில் இரண்டு முறை விழுந்தேன்.

“இன்னாடி, மலைக்குக் கும்புடு போட்டுக்கினே வர்ற?” என்று சிரித்தாள் கூட வந்த சென்னைத் தோழி.

பயிற்சியாளர் வந்து வாரைப் பார்த்தார். பையைக் கீழே நிற்கும் பொதிக்குதிரைக்கு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வரச் சொன்னார்.

“சான்றிதழ்?” என்றேன். தலையசைத்து மறுத்தார்.

கழுத்திலிருந்த கம்பளி மப்ளரை உருவி முறுக்கி, உச்சந்தலையில் சும்மாடாக வைத்தேன்.

“ஏய், இன்னா பண்ற? சென்ட்ரல் ஸ்டேஷன் போர்ட்டரா நீ?”

“புடிச்சுத் தூக்கி வுடு. அப்பால சிரி.”

தூக்கிவிட்டாள். நடவு நாட்களில் விடியலிலேயே நாற்றுக்கட்டு சுமந்து முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடியிருக்கிறேன். அத்தை அதை மறந்திருந்தாள். என் கழுத்து மறக்கவில்லை.

பயிற்சியாளர் வாய்திறக்கும் முன், “முதுகில்தான் சுமக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறதா, சார்?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் உச்சிவரை எனக்கு ஓரடி பின்னாலேயே வந்தார்.

மேலே காற்று பையைப் பிடித்து ஆட்டியது. இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டேன். அந்தப்பக்கம், வரிசை வரிசையாக வெள்ளை மலைகள்.

“எறக்கி வைடி, போதும்” என்றாள் தோழி.

“இரு. இப்பிடியே ஒருவாட்டி பாத்துக்கறேன்.”

ஊரில் அத்தை சான்றிதழைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள்.

“தலையிலயா தூக்கினு போன?” என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, “கூலி இன்னா குடுத்தாங்க?”

“ஒண்ணும் இல்ல அத்தே.”

“அப்ப இன்னொருவாட்டி போவமாட்ட.”

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, ஸ்ரீபெரும்புதூர் தபால்பெட்டியில் அடுத்த மலையேற்றப் பயிற்சிக்கான விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்திருந்தேன்.