தங்கப்பாண்டியின் நம்பர்

கே.கே. நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஆன்சி ஆறு வருடமாகக் கணினிப் பிரிவைப் பார்த்துவருகிறாள். ஆய்வகத்துக்கு ஒரு மென்பொருள், வார்டுக்கு இன்னொன்று. இரண்டையும் இணைத்துத் தருவதாகச் சொன்ன கம்பெனி இழுத்தடித்தபோது, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்த ஓர் இலவசக் கருவியை வைத்து அவளே இணைத்துவிட்டாள். சீட்டைத் தொலைத்துவிட்டுப் புதிதாகப் பதிபவர்களுக்காக ஒரு விதியும் எழுதினாள்: பெயர், ஊர், போன் நம்பர் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நர்ஸ் ரோகிணி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"ஆன்சி, வார்டுல இருக்குற பாண்டீஸ்வரிக்குச் சர்க்கரை நானூத்திப் பன்னெண்டுன்னு வந்திருக்கு. அந்தம்மா, 'முள்ளுக் குத்துன காலுக்கு வந்தேன், இது என்ன ஊசி'ன்னு சிரிக்குது. விரல்ல குத்திப் பாத்தா தொண்ணூத்தஞ்சுதான்!"

ஆன்சி பதிவுகளைத் திறந்தாள். வயது மட்டும் வேறு. இரண்டு பெண்களை அவளுடைய விதி ஒருத்தியாக்கியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டுக்கு உரியவளை, வார்டில் இருந்தவளின் பழைய முடிவை இவளுடையது என்று பார்த்த டாக்டர், ஒன்றுமில்லை என்று நேற்றே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அந்த நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்தது வேன் ஓட்டும் தங்கப்பாண்டி.

"எந்தப் பாண்டீஸ்வரிய கேக்குறீக? ஊர்ல ஏழு பேரு இருக்காக!"

"நேத்து வந்தவங்கண்ணே. உங்க நம்பரக் குடுத்திருக்காங்க."

"எல்லாருக்கும் என் நம்பர்தான் மேடம். கூட்டியாரது நாந்தான? அந்தப் புள்ளையா... நேத்துலருந்து அம்புட்டுத் தண்ணி குடிக்குதாம், எந்திரிக்க மாட்டேங்குதாம்."

"உடனே கூட்டிட்டு வாங்கண்ணே."

அடுத்து இரண்டு மென்பொருளுக்கும் நடுவே இருந்த இணைப்பை நிறுத்தினாள். விஷயம் அதற்குள் மேலாளர் பாண்டியராஜனுக்குப் போயிருந்தது.

"ஓசில கெடச்சத மாட்டுனா இப்படித்தாம்மா. டூல்ல கோளாறுன்னு எழுதிக் குடு. உன் பேரு வராது."

எழுதிவிடலாம். அந்தக் கட்டடத்தில் அவள் எழுதிய விதியைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவர் வேறு யாருமில்லை.

"டூல் நான் சொன்னதத்தான் சார் செஞ்சிருக்கு" என்றாள். விதி என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பாண்டியராஜன் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரத்தில் வேன் வந்தது. இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். பாண்டீஸ்வரி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். ஆனால் ரோகிணி பெயர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

வரவேற்பில் போன் நம்பர் கேட்டார்கள். தங்கப்பாண்டி தன் நம்பரைச் சொல்லத் தொடங்கினான்.