மாமா ஊட்டிய ஈரல்

ஆட்டு ஈரலைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பிக்கு அப்போது மூன்று வயது. பருப்பு, பால், முட்டை, கறி எதுவும் அவனுக்கு ஆகாது. செங்கல்பட்டில் அவனைப் பார்த்த டாக்டரம்மா, மகாபலிபுரத்தில் வாங்கிய என் சிப்பி மணி மாலையைக் கழற்றச் சொல்லித்தான் விளக்கினார். புரதம் என்பது இப்படியொரு மாலை. அமினோ அமிலங்கள் அதன் மணிகள். மணிகள் கோத்திருக்கும் வரிசைப்படி மாலை சுருண்டு வடிவம் எடுக்கும். வடிவம் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். நாம் தின்னும் மாலைகளை உடம்பு உதிர்த்து, தனக்கு வேண்டியதைக் கோத்துக்கொள்ளும். மிஞ்சும் மணிகளில் ஒரு வகையை மாற்றவேண்டிய புரதம் தம்பிக்குப் பிசகாகச் சுருண்டிருக்கிறது. அதனால் அந்த மணி ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து மூளையைக் கெடுக்கும். எனக்கே புரிந்தது. பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை.

செய்யூர் பக்கம் குலதெய்வக் கோயிலில் அவனுக்கு மொட்டை, காதுகுத்து. காது குத்தியதும், வெட்டிய கிடாவின் ஈரலைச் சுட்டு, தாய்மாமன் தன் மடியில் இருக்கும் பிள்ளைக்கு முதல் வாய் ஊட்டுவது எங்கள் வழக்கம். வெறும் சோறு போதும் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். மாமாவும் தலையாட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஈரல் உள்ளே போய்விட்டது.

நான் பாய்ந்து தம்பி வாயில் விரலை விட்டேன். அவன் கடித்தான். அப்பா எல்லார் முன்னாலும் என்னை அறைந்தார்.

"இன்னாடி உனுக்கு? புள்ள வாய்ல கீறத புடுங்குற!"

ஓடிவந்த அம்மாவின் கூச்சல் மேளச் சத்தத்தில் எடுபடவில்லை. "வுடுக்கா, ஒரு வாயி துண்ணா இன்னா ஆயிடும்?" என்றார் மாமா.

தம்பி சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சாயங்காலம் வரை ஆடு துரத்தினான்.

"பாத்தியா, ஓடிகினுதான கீறான்? டாக்டருங்கோ சும்மா பயமுறுத்துறாங்கோ" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அம்மா அசந்த நேரமெல்லாம் அத்தை பால் கொடுத்தாள், சித்தப்பா முட்டை கொடுத்தார். கேட்டால், அன்னிக்கே ஒண்ணும் ஆவலியே என்பார்கள்.

தம்பி இப்போது என்னைவிட உயரம். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மாமா வந்தால் தலையெழுத்து என்று பெருமூச்சு விடுவார். தலையெழுத்தாம்! எழுதியது யார் கை என்று கேட்க நாக்கு துடிக்கும்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அவன் என் மடியில் தூங்கினான். ஒன்றும் ஆகவில்லை, சாமி காப்பாற்றிவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அந்தச் சாமி அவனை அன்றே வாந்தியாவது எடுக்கவைத்து எல்லாரையும் பயமுறுத்தியிருந்தால்தான் அது காப்பாற்றுவது என்று எனக்கு அப்போது தெரியாது.