பொன்னாங்கண்ணியும் அக்காவின் கண்ணும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது, "இன்னாடா, மூக்க சிந்திக்கினு கீற?" என்று திட்டுவார். அதனால் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மானாம்பதியில், வாழ்க்கைப்பட்டது காவாந்தண்டலத்தில். மாமா சின்ன வயதிலேயே போய்விட, களையெடுத்த கூலியில் இரண்டு பெண்களையும் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். யாரிடமும் கை நீட்டியதில்லை. அவர் வாயை மட்டும் யாராலும் அடக்க முடிந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் களையோடு வரும் கீரை பறித்தவளுக்கே சொந்தம். மற்றவர்கள் வரப்பில் வீசும் பொன்னாங்கண்ணியை அக்கா மடியில் கட்டிக்கொள்வார். பாதி, பருப்போடு கடைசலாகும். மீதியை அரைத்து, வெள்ளைத் துணியில் பொதிந்து, கண்ணெரிச்சல் என்று வருபவர்களின் மூடிய இமைமேல் வைப்பார். அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், நாளெல்லாம் செல்போன் பார்க்கும் கல்லூரிப் பெண் என்று யாராவது ஒருவர் அவர் வீட்டில் படுத்திருப்பார். "சில்லுனு கீதா? அப்போ வாய மூடிக்கினு கெட" என்பார் அக்கா.

அறுபதைத் தாண்டியதும் அவர் கண்ணே மங்கியது. புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று உத்திரமேரூர் கண் முகாமில் சொன்னார்கள். அக்கா மறுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் கண் வைத்தியம் பார்த்தவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் சிரிக்குமே என்ற பயம். இரண்டு மடங்கு கீரை தின்றார், கண்ணில் கட்டும் போட்டார். குளிர்ச்சி கிடைத்தது; பார்வை திரும்பவில்லை. எனக்குக் கோபமும் பயமுமாக இருந்தது.

ஒருநாள் களையெடுப்பில், நெல்லைப் போலவே இருக்கும் புல்லை அப்படியே விட்டுவிட்டு, நெற்பயிரைப் பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் அடுக்கியிருக்கிறார். பக்கத்தில் களையெடுத்த மங்கா பார்த்துவிட்டாள்.

"யக்கா, நெல்ல புடுங்கிட்டு புல்ல வளக்கிறியா?"

கழனியே சிரித்தது. எந்தச் சிரிப்புக்குப் பயந்தாரோ அது வந்தே விட்டது. அக்கா சேற்றிலேயே உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு, "சிரிச்சாச்சில்ல? நாளைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு யாருடி வரீங்க?" என்றார். மறுநாள் ஐந்து பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவரோடு பஸ் ஏறினார்கள்.

ஆபரேஷன் முடிந்து கட்டை அவிழ்த்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார். "அடப்பாவி! நீ எப்படா இவ்ளோ நரச்சி கெய்வனான?"

அதன்பின் அவர் வைத்தியத்தில் ஒரு சட்டம் சேர்ந்தது. எரிச்சல் என்றால் கீரை. மங்கல் என்றால், "இது கீரைக்கு அடங்காது, கெளம்பு" என்று கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார். கடைசி வாரம் மூச்சு வாங்கியபோதுகூட, எதிர்வீட்டுக்காரருக்கு முகாம் தேதியை நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், அன்று உடன் சென்ற ஐவருக்கும், இன்று வந்திருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா பஸ் ஏற்றிவிட்ட நீங்களும் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். யாரையும் படித்துக்காட்டச் சொல்லாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள். அக்கா பார்த்திருந்தால் கைதட்டிச் சிரித்திருப்பார்.