சம்பந்தி வீட்டுத் தண்ணீர்

தட்சிணாமூர்த்தி மாமாவும் நானும் கடலூரில் ஒரே இரும்புக்கடையில் வேலை பார்க்கிறோம். மனைவி போன பிறகு அவர் தனியாள். ஒரே மகள் சிந்துஜா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு புவனகிரிக்குப் போய்விட்டாள். "அவுங்க வாசல மிதிக்க மாட்டேன்" என்று சில வருஷம் முறுக்கிக்கொண்டிருந்தவர், பேரன் பிறந்ததும் அடியோடு இறங்கிவந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வயிறு கெட்டது. மழையில் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது. சீதமும் ரத்தமுமாகப் போய் ஆள் பாதியாகிவிட்டார். மலத்தைச் சோதித்த டாக்டர், குடலில் அமீபா என்றார். மாத்திரை எழுதி, காய்ச்சாத தண்ணீர் ஒரு மடக்குகூடக் கூடாது என்று மிரட்டி அனுப்பினார். மாமாவுக்கு அது வேதவாக்கு.

கொஞ்சம் தேறியதும், ஆறவைத்த வெந்நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பேரனைப் பார்க்கப் போனார். மாப்பிள்ளையின் அம்மா ராசம்மாள், "வாங்கண்ணே" என்று சொம்பு நிறையத் தண்ணீரை நீட்டினார்.

"வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்."

சற்று நேரத்தில் தாகம் தாங்காமல் தன் பாட்டிலை எடுத்துக் குடித்ததுதான் வினை. ராசம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சிந்துஜா அவர் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடையில் மாமா சொல்லக் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம்! "காரணத்த அங்கயே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா மாமா?"

"சம்பந்தி வீட்ல ஒக்காந்துகினு, எனக்கு வயித்தால போவுதுன்னு எப்புட்றா சொல்வேன்?"

அதற்குப் பிறகு மகள் அவர் போனை எடுப்பதே இல்லை. கடை மூடிய பிறகும் மாமா கிளம்ப மாட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? போனில் பேரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி படியிலேயே உட்கார்ந்திருப்பார்.

அதைப் பார்க்கப் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நானே என் போனில் சிந்துஜாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். மாமா வெட்கத்தை விட்டு, சீதம், ரத்தம், மலச்சோதனை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

"எங்க அத்த கையால தண்ணி குடிக்காததுக்கு, இவ்ளோ அசிங்கமா ஒரு பொய்யாப்பா?"

மாமா போனை என்னிடம் நீட்டினார். "டாக்டர் சீட்டு எங்கிட்ட இருக்குன்னு நீ சொல்லுடா. நீ சொன்னா நம்பும்."

அவள் வைத்துவிட்டிருந்தாள்.