எட்டுக் கோப்பை பிளேன்ரீயும் ஓர் ஆய்வேடும்

ஆய்வுச் சுருக்கங்களை மொழிபெயர்க்கிற தொழிலில் முதற் பாடம், "இது உங்களுக்கே விளங்கினதோ?" என்று எழுதியவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூடாது என்பதுதான். நான் சேர்ந்த முதல் கிழமையிலேயே கேட்டுவிட்டேன். அந்தப் பேராசிரியர் இன்றைக்கும் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

கனடாவில் இருபது வருடம் காப்புறுதிக் கடிதங்கள் எழுதிவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஊருக்குத் திரும்பியவன் நான். பத்தாம் வகுப்பு வரை தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படித்ததால், பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் ஒரு மேசை கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து, உள்ளே என்னென்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று காட்டும். அன்றைக்குக் கையில் கொடுக்கிற புத்தகத்துக்கு, பொறியியல் பீடத்திலிருந்து ஆங்கிலத்தில் வருவதைத் தமிழுக்கும், கலைப்பீடத்திலிருந்து தமிழில் வருவதை ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும். பொறியியல் பீடம் கிளிநொச்சியில், கலைப்பீடம் இங்கே. நடுவில் ஒன்றரை மணித்தியால பஸ் பயணம். இரண்டு பீடமும் சந்திக்கிற ஒரே இடம் என் மேசைதான், அதுவும் ஆட்களாக அல்ல, தாள்களாக. கதைபேச்சு இல்லாத இரண்டு வீட்டுக்கு நடுவில் குடியிருந்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

வெடிக்காத சீமெந்து

நான் எழுதுவதைத் தட்டச்சுச் செய்பவர் நேசமக்கா. குருநகர்க்காரி, என்னைவிடப் பத்து வயது மூப்பு. எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: அவருக்கு விளங்காத வசனம் புத்தகத்துக்குப் போகாது. ஒருநாள் பனந்தும்பு கலந்த கொங்கிறீற்று பற்றிய ஆய்வு வந்தது. "இழைவலுவூட்டிய கலவையின் விரிசல் எதிர்ப்பு நடத்தை" என்று பெருமையோடு எழுதிக் கொடுத்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "நடத்தை சரியில்லாத சீமெந்தோ தம்பி?" என்றார். நாலு தரம் திருத்தி, ஐந்தாம் தரம் "தும்பு போட்டால் சீமெந்து வெடிப்பது குறைகிறது" என்று வந்து நின்றது.

அன்றைக்கே கலைப்பீடத்து ஆய்வொன்றும் வந்தது. பத்திரிகைகளில் வருகிற மரண அறிவித்தல்களில் மருமக்களின் பெயர் எந்த ஒழுங்கில் போடப்படுகிறது என்று ஒருவர் ஆராய்ந்திருந்தார். நேசமக்கா அதைத் தட்டச்சுச் செய்யவேயில்லை, கதிரையில் சாய்ந்து ஆற அமர வாசித்தார். பிறகு சொன்னார்: "எங்கடை வீட்டிலை ரெண்டு வருசம் கதைபேச்சில்லாமல் கிடந்தது உந்த ஒழுங்காலைதான், தம்பி. உதைப் படிச்சுப் பட்டமும் எடுக்கலாமெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!"

ஒரு திங்கட்கிழமை

ஒரு திங்கட்கிழமை மட்டும் என் மேசைக்கு வந்தவை இவை: கால் இழந்தவர்கள் வயல் வரம்பில் நடக்கக்கூடிய செயற்கை முழங்கால், எங்கள் அடுப்படிகளில் இன்னும் உயிரோடிருக்கிற ஒல்லாந்துச் சொற்கள், வெங்காயம் அழுகாமல் வைக்கிற சூரிய ஒளிக் கூடம், நாதஸ்வரக்காரர்கள் மூச்சை எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்ற கேள்வி, பஸ் நிலையத்தில் ஆட்கள் வரிசையில் நிற்காததற்கு ஒரு கணிதச் சமன்பாடு. காப்புறுதிக் கடிதத்தில் இருபது வருடமும் ஒரே வசனத்தை எழுதினவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனேன். வழியில் கண்டவர்களை எல்லாம் மறித்து மூச்சைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் சொன்னேன்.

நாட்டார் வழக்காற்றியலில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற குமரன், என் பக்கத்து அறையில் இருப்பவன், கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணை, நீங்கள் இஞ்சை வேலை செய்யேல்லை. ஓசியிலை எல்லாப் பட்டமும் படிக்கிறியள்."

தாளைத் திருப்பிக் கேட்டவள்

இந்த உற்சாகத்தின் நடுவில்தான் தர்சினி வந்தாள். கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த பொறியியல் முதுநிலை மாணவி. சொந்த ஊர் தொண்டைமானாறு. கடலோரக் கிணறுகளுக்குள் உவர்நீர் எப்படி ஏறி வருகிறது என்பது அவளுடைய ஆய்வு. "சேர், என்ரை சுருக்கத்தைப் புத்தகத்திலையிருந்து எடுத்துவிடுங்கோ" என்றாள். ஏனென்று கேட்டேன். மூன்று வருடமாக ஊர்க் கிணறு எல்லாவற்றிலும் மீற்றர் இறக்கி அளந்திருக்கிறாள். ஆனால் பழைய அளவுகள் எதுவும் இல்லை. இருந்த பதிவேடுகள் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. தண்ணீர் எந்தக் கிணற்றில் எப்போது மாறியது என்று காட்டாவிட்டால் அவளுடைய கணக்கு மாதிரியைச் சரிபார்க்க வழியில்லை. ஆய்வுச் சபை மாத முடிவு வரை தவணை கொடுத்திருந்தது. அதற்குள் பழைய தரவு வராவிட்டால் பதிவு ரத்து. மூன்று வருடமும் போச்சு.

அழவில்லை. தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே சொன்னாள்: "கிணறு சவராப் போனது எங்கடை ஊரிலை எல்லாருக்கும் தெரியும், சேர். எப்ப எண்டுதான் ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

மடத்துக் கிணறு

அவளுடைய தாளை நான் புத்தகத்திலிருந்து உடனே எடுக்கவில்லை, சோம்பல்தான் காரணம். மூன்றாம் நாள் குமரனுடைய சுருக்கத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கலியாண வீட்டுச் சமையல்காரர்களின் கதைகள் அவனுடைய ஆய்வு. அதில் ஓர் இணைப்பு. எந்தக் கலியாணத்துக்கு எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது என்று தலைமைச் சமையல்காரர்தான் முடிவெடுப்பாராம். வீட்டுக்காரர் சொன்னாலும் கேட்க மாட்டாராம். தொண்டைமானாற்றுப் பரமண்ணை என்ற சமையல்காரர் சொன்னதை அப்படியே போட்டிருந்தான்: "சிவத்தின்ரை மூத்தவளின்ரை கலியாணத்தோடை மடத்துக் கிணத்தை விட்டிட்டன். தேத்தண்ணி சவர்த்துப் போச்சுது. பிறகு வேம்படிக் கிணறுதான்."

மடத்துக் கிணறு. வேம்படிக் கிணறு. தர்சினியின் தாளை இழுத்து எடுத்தேன். அவளுடைய அட்டவணையிலும் அதே இரண்டு பெயர்கள், அடுத்தடுத்த வரிகளில். ஒருத்தி மூன்று வருடமாகத் தேடுகிறது, மற்றவனின் இணைப்பில் சும்மா கிடக்கிறது! கதிரை பின்னால் விழ எழும்பி, "குமரன்! டேய் குமரன்!" என்று கூப்பிட்டேன். நேசமக்கா தட்டச்சை நிறுத்தாமலே சொன்னார்: "தம்பி, கத்தாதேங்கோ. பக்கத்திலை பிள்ளையள் சோதினை எழுதுதுகள்."

மீற்றரின் கையெழுத்து

இரண்டு பேரையும் என் மேசையில் நேருக்கு நேர் இருத்தினேன். பத்து நிமிடத்தில் சண்டை.

"இன்னொரு கிணத்துக்குக் கொஞ்சம் சவர் எண்டு போட்டிருக்கிறியள். கொஞ்சம் எண்டால் எவ்வளவு?" என்றாள் தர்சினி.

"கொஞ்சம் எண்டால் கொஞ்சம்தான். அந்த மனுசனிட்டைப் போய்த் தசமதானம் கேக்கேலுமே?"

தர்சினி தன் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் சிரித்தது எங்களுக்கும் கேட்டது. "சமையல்காரரைக் கருவியாப் பாவிக்கப் போறீரோ? கருவி எண்டால் முதலிலை சரிபார்க்கோணும். சரிபாரும், பாப்பம்." அவர் பகிடிக்குச் சொன்னார். இவள் அதை அப்படியே பயிற்சிப் புத்தகத்தில் எழுதி, கீழே கோடும் போட்டாள். அளந்து உப்புச் சேர்த்த தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டு, எது எதுவென்று சொல்லாமல் பரமண்ணையைக் குடிக்க வைப்பது என்று முடிவாயிற்று. உடனே குமரன் தன் பையிலிருந்து ஒரு படிவம் எடுத்தான். மனிதரை வைத்து ஆய்வு செய்வதென்றால் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். அவர் எந்த நேரமும் விலகலாம். தர்சினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மீற்றரிட்டைக் கையெழுத்து வாங்கிற வழக்கம் எங்கடை பீடத்திலை இல்லையே, சேர்!"

எட்டுக் கோப்பை

பரமண்ணையைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. ஆவணி மாதம், அடுத்தடுத்துக் கலியாணம். கடைசியில் அவருடைய வீட்டு விறாந்தையில் அரை மணித்தியாலம் கிடைத்தது. தர்சினி எட்டுக் கோப்பையில் பாலும் சீனியும் போடாத பிளேன்ரீயை வரிசையாக வைத்தாள். முதல் கோப்பையை மணந்து பார்த்ததும் அவர் முகம் சுழித்தார். "ஆர் பிள்ளை உந்தத் தேத்தண்ணி போட்டது? தண்ணியிலை பிழை இல்லை, கையிலைதான் பிழை." பிறகு ஒவ்வொன்றாக ஒரு வாய். கைத்தொலைபேசி மூன்று தரம் அடித்தது, எடுக்கவில்லை. உப்புக் குறைந்ததிலிருந்து கூடியது வரை கோப்பைகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கினார். முதலில் மூன்றாவதாகவும் ஆறாவதாகவும் வைத்திருந்த கோப்பைகளைக் கையில் தூக்கி, "ரெண்டும் ஒரே தண்ணி. ஆரை ஏமாத்தப் பாக்கிறியள்?" என்றார். தர்சினி வேண்டுமென்றே வைத்த பொறி அது. கடைசியாக, அடுக்கிய வரிசையின் நடுவில் ஒரு அகப்பையைக் குறுக்கே வைத்து, "இதுக்கு அங்காலை நான் சமைக்க மாட்டன்" என்றார்.

தர்சினி தன் இரகசியத் தாளைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் சரி, பக்கத்துப் பக்கத்துக் கோப்பை இரண்டைத் தவிர. அவை இடம் மாறியிருந்தன. இனி என்ன என்று நான் பையைத் தூக்கினேன். அவளோ துள்ளினாள். "பிழை விட்டிட்டார், சேர்! எவ்வளவுக்குப் பிழை விடுவாரெண்டும் இப்ப தெரியும்! இனிச் சபையிலை ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது!" பிழையின் அளவு தெரியாத கருவியை நம்பமாட்டார்கள் என்று குமரன் பரமண்ணைக்கு விளங்கப்படுத்திப் பார்த்தான். அவர் அகப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு சொன்னார்: "நாப்பது வருசமாச் சமைக்கிறன். நான் பிழை விட்டதுக்குத் துள்ளிக் குதிக்கிற பிள்ளையை இண்டைக்குத்தான் காணுறன்."

அல்பம்

அகப்பை வைத்த இடம் எவ்வளவு உப்பு என்று இப்போது தெரியும். அவர் ஒரு கிணற்றை விட்ட கலியாணம் எதுவென்றும் தெரியும். அந்தக் கலியாணங்களின் திகதிதான் மிச்சம். குமரன் மோட்டார்சைக்கிளிலும் தர்சினி அவளுடைய அண்ணனின் ஸ்கூட்டியிலுமாக வீடு வீடாகப் போனார்கள். அழைப்பிதழ் வைத்திருந்தவர்கள் சிலர். கலியாணப் பட அல்பத்தின் முதற்பக்கத்தில் திகதி எழுதி ஒட்டியிருந்தவர்கள் பலர். சிவத்தாரின் மூத்தவளும் தன் அல்பத்தை எடுத்து வந்து மடியில் வைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டினாராம். தர்சினி பூதக்கண்ணாடியோடு படங்களின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், பின்னால் தண்ணீர் அள்ளுகிற ஆட்கள் எந்தக் கிணற்றில் நிற்கிறார்கள் என்று.

ஆறாவது படத்தில் அந்த அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "பிள்ளை, கொஞ்சம் பொம்பிளையையும் பார்! அந்தச் சீலைக்கு நான் எவ்வளவு பாடுபட்டனான்!"

சபை

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, கிளிநொச்சியில் சபை கூடியது. நானும் குமரனும் வெளியே வாங்கில் இருந்தோம். மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. தர்சினி கருவிகளின் பட்டியலில் உவர்மானி, இடங்காட்டி, அதற்கடுத்த வரியில் "அனுபவமுள்ள சமையல்காரர், ஒருவர்" என்று போட்டிருந்தாள். உள்ளே முதலில் சிரிப்புக் கேட்டது. பிறகு கேள்விகள்.

வெளியே வந்தவளின் முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. "கணக்கு மாதிரி காட்டின வருசங்களும் பரமண்ணை கிணறு மாறின வருசங்களும் பொருந்துது எண்டு ஏற்றுக்கொண்டினம், சேர். பதிவு ரத்தில்லை. ஆறு மாதம் கூடத் தந்திருக்கினம்" என்று சொன்ன பிறகுதான் மூச்சு வாங்கி அழுதாள். ஒரேயொரு நிபந்தனை. ஒரு கருவியை மட்டும் நம்பக் கூடாதாம். பரமண்ணைக்குத் தெரியாமல், அதே ஊரில் இன்னொரு சமையல்காரரையும் சோதிக்க வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்கப் பரமண்ணை அழைப்பெடுத்தார். குமரன் நல்ல செய்தியோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தொலைபேசி அவன் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போனது. "இன்னொரு சமையல்காரனோ? ஆரவன்? முதலிலை அவனுக்குத் தேத்தண்ணி போடத் தெரியுமோ எண்டு கேள்!"

கம்பி குத்துற இடம்

எல்லாம் முடிந்த பிறகுதான் என் சொந்தத் தலையிடி தொடங்கியது. புத்தகத்தில் பொறியியலுக்கு முன்பாதி, நீலப் பக்கங்கள். கலைக்குப் பின்பாதி, மஞ்சள் பக்கங்கள். தர்சினியும் குமரனும் சேர்ந்து எழுதித் தந்த ஒற்றைச் சுருக்கத்தை எங்கே போடுவது? கிளிநொச்சியிலிருந்து நீலம் என்று மின்னஞ்சல் வந்தது. கலைப்பீடத்திலிருந்து மஞ்சள் என்று ஆளே வந்தார். கதைபேச்சில்லாத வீடுகள் ஒரு பிள்ளைக்காக முதல்முறை சண்டை பிடித்தன. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம்.

நேசமக்காவிடம் கொடுத்தேன். ஒரே மூச்சில் வாசித்தார், ஒரு சொல்லுக்கும் தடக்கவில்லை. வாசித்துவிட்டுப் புத்தகத்தின் மாதிரிப் பிரதியை நடுவில் விரித்து, நீலமும் மஞ்சளும் முட்டுகிற பக்கத்தில் விரலை வைத்தார். "இஞ்சை போடுங்கோ தம்பி, கம்பி குத்துற இடத்திலை. ஆரும் கிழிச்சு எடுத்தால் முழுப் புத்தகமும் கழண்டு போம்."

பல்கலைக்கழக ஆராய்ச்சி எவ்வளவு அகலம் என்று இப்போது யாராவது கேட்டால், கிளிநொச்சியிலிருந்து திருநெல்வேலி வரை, நடுவில் வழியை விட்டுச் சுற்றித் தொண்டைமானாற்றில் இறங்கி ஒரு பிளேன்ரீ குடிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.