இறால் கூடையும் காலிச் சிறுநீர்ப்பையும்

1. திங்கட்கிழமை மட்டும் சரியாக இருந்த படம்

திரையில் சிறுநீர்ப்பை சுருங்கிக் கிடந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய குடல் கீழே இறங்கி, நாங்கள் கதிர் பாய்ச்சப் போகும் இடத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கன்ட்ரோல் அறையில் டெக்னீஷியன் குமரேசன் மைக்கை அழுத்திக் கத்தினான்.

"ஏம்மா, தண்ணி குடிச்சியா இல்லியா?"

உள்ளே மிஷினுக்கு அடியில் நோயாளி படுக்கும் கவுச்சில் இருந்த தேசம்மா சளைக்கவில்லை. "குடிச்சேன் சார். பாட்டிலு காலி, பாத்தீங்கல்ல?"

பாட்டில் காலிதான். நானும் பார்த்தேன். ஆனால் படம் பொய் சொல்லாது என்று நம்பித்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, மெடிக்கல் பிசிசிஸ்ட். டாக்டர் இவ்வளவு டோஸ் என்று எழுதினால், அது சொன்ன இடத்தில் சொன்ன அளவில் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் பழவேற்காட்டில் இதைப் புரியவைக்க முடியாமல் ஒரு முறை 'ஆஸ்பத்திரியில் மிஷின் பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் என்னிடம்தான் வருகிறது.

அப்போது பொன்னேரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தேன். முதல் நாள் சிடி எடுத்து அதன் மேல் ஒரு பிளான் போடுகிறோம். பிறகு வாரக்கணக்கில் தினமும் நோயாளியைப் படுக்கவைத்து, கதிர் கொடுப்பதற்கு முன்னால் அந்த மிஷினிலேயே ஒரு சின்ன சிடி எடுக்கிறோம். மனித உடம்பு முதல் நாள் இருந்தபடியே தினமும் இருக்குமா? இருக்காது. அதனால் அன்றன்றைய படத்தின் மேல் டோஸை மறுபடி கணக்குப் போட்டு, நாம் நினைத்ததும் உண்மையில் போனதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வு.

தேசம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ஊர் பழவேற்காட்டை ஒட்டிய லைட்ஹவுஸ் குப்பம். இந்த மாதிரி சிகிச்சையில் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருந்தால் அது குடலை மேலே தள்ளி, கதிரிலிருந்து காப்பாற்றும். காலியாக இருந்தால் குடல் இறங்கிவந்து வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வது.

அவருடைய படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. முதல் சிடியில் பை நிறைந்திருந்தது. பிறகு திங்கட்கிழமைகளில் மட்டும் நன்றாக இருந்தது. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை காலி. குமரேசன் பல முறை அவரை இறக்கி, இன்னொரு பாட்டில் கொடுத்து அனுப்பிப் பார்த்தான். அந்தப் பாட்டிலும் காலியாகத் திரும்பி வந்தது, பை மட்டும் நிறையவில்லை.

"திங்கட்கிழமை மட்டும் வேலை செய்யற மிஷினா மேடம் இது?" என்று குமரேசன் கிண்டல் செய்தான். எனக்குக் கோபம் வந்தது. மிஷினைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, மனித உடம்புக்குப் பதிலாகப் படுக்கவைக்கும் பான்டம் பொம்மையை வைத்துச் சோதித்தேன். படமும் சரி, அளவும் சரி, கவுச்சும் சரி. குறை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் சந்தோஷத்துக்குப் பதிலாகப் பயம்தான் வந்தது. அப்படியென்றால் அந்த அம்மாவின் குடல் உண்மையிலேயே தினமும் வாங்கிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை விஷயம் மட்டும் விளங்கியது. அன்று அவருக்குக் கீமோ. கையில் டிரிப் ஏறிய பிறகுதான் எங்களிடம் வருவார். வாய் வழியாகப் போகாத தண்ணீர் நரம்பு வழியாகப் போயிருந்தது.

பெரிய டாக்டரிடம் படங்களைக் காட்டினேன். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம். சரியாகலைன்னா காலிப் பைக்கே புது பிளான் போட்டுடுவோம். வைத்தியத்தை நடுவுல நிறுத்த முடியாது. ஆனா குடல் அடி வாங்கும். பின்னால அவங்களுக்கு அடிக்கடி வயித்தால போகும், அடக்க முடியாது. அவங்க என்ன வேலை பாக்கறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவருடைய இடுப்புக்குள் இருப்பதையெல்லாம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பார்த்திருந்தேன், என்ன வேலை என்று கேட்டதில்லை.

2. வண்டி நிறுத்தும் ஷெட்டில்

மறுநாள் செவ்வாய். குமரேசன் பாட்டிலைக் கொடுத்ததும் தேசம்மா எழுந்து வெளியே போனார். காற்றாடப் போய்க் குடிப்பார் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் நினைத்திருந்தோம். நான் பின்னாலேயே போனேன்.

வண்டி நிறுத்தும் ஷெட்டின் மூலையில் ஓர் அலுமினியக் கூடை, அதன் மேல் கோணிச் சாக்கு. தேசம்மா குந்தி உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து, சாக்கின் மேல் சீராகத் தெளித்தார். ஒரு சொட்டு வீணாகாமல் மூலை முடுக்கெல்லாம் நனைத்தார். பிறகு சாக்கை ஓரத்தில் தூக்கி, உள்ளே தடவிப் பார்த்துவிட்டு மூடினார்.

"தேசம்மா!"

திடுக்கிட்டுத் திரும்பினார். காலிப் பாட்டிலை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்து, அதற்கு நேரமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

"ஐஸு கரைஞ்சிடுச்சி மேடம். உங்க தண்ணி ஜில்லுனு கீது. ஊத்தலேன்னா எறா கருத்துப்பூடும். அப்பறம் சந்தையில எவளும் வாங்கமாட்டா."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் இறாலுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது.

"அது உங்களுக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணி. இந்த உடம்போட எதுக்கு வியாபாரம்? வீட்டுல யாரும் இல்லையா?"

"பொண்ணு கீறா. விடியறதுக்கு முன்னாடி அவதான் ஏலத்துல எடுத்தாந்து குடுக்கறா. பொன்னேரியில என் எடம் இன்னிக்கு நேத்தா கீது? ஒரு வாரம் குந்தலேன்னா இன்னொருத்தி கூடைய வெச்சிடுவா. அப்பறம் ஜென்மத்துக்கும் கெடைக்காது. கீமோ போடற அன்னிக்கு மட்டும் என் பொண்ணு குந்துவா. தெனத்துக்கும் அவளால முடியாது, கைக்கொழந்தைக்காரி."

பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் அவரை உட்காரவைத்தேன். குடல் இறங்குவதையும் டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அடக்க முடியாமல் போகும் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அப்ப நான் சந்தையில குந்த முடியாதா?"

"முடியாது."

கையை நீட்டிக் கூடையின் மேல் சாக்கை இழுத்துச் சரிசெய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஷெட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"எறாவுக்காவ மட்டும் இல்ல மேடம். எனக்குத் தண்ணி எறங்காது. காலையில கூடைய எறக்குனா சாயங்காலம் தூக்கறவரைக்கும் நாங்க ஒருத்தியும் குடிக்கமாட்டோம். குடிச்சா எங்க போறது? கூடைய உட்டுட்டுப் போனா காக்கா தூக்கினு பூடும். கட்டணக் கழிப்பறையில மீன் கவிச்சி அடிக்குதுன்னு உள்ள உடமாட்டான். கல்யாணம் ஆயி கூடை தூக்குன நாளுல இருந்து இதான் பழக்கம். இப்ப நீங்க ஒரே மூச்சுல குடின்னா எப்பிடி?"

"இங்க கழிப்பறை இருக்கே."

"மிஷின்ல படுக்கச்சொல்ல அடக்கினு படுக்கணும்ல? அந்தத் தம்பி டிவியில பாத்துனு கீது. அங்கயே ஒண்ணுக்குப் பூட்டா? கலீஜ் ஆயிடுமே. என் வயசு இன்னா, நான் எப்பிடி அது மூஞ்சில முழிப்பேன்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊரு மேடம்?"

"பழவேற்காடுதான். பள்ளிவாசல் பக்கத்துல."

"அட, நம்ம ஊரு பாய் வூட்டுப் பொண்ணா! அப்ப நானு வர்ற பஸ்ஸுலதான வர்ற? பஸ்ல வரச்சொல்ல நீ தண்ணி குடிப்பியா?"

'மேடம்' போய் 'நீ' வந்துவிட்டது. நான் குடிப்பதில்லை. என் கைப்பையில் இருக்கும் பாட்டில், ஆஸ்பத்திரியில் போய் இறங்கும்வரை மூடி திறக்காமலேயே வரும். திரும்பும்போதும் அப்படித்தான். அதனால் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்து மருந்தும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தக் காலிப் படங்களைப் பார்த்தபோது ஒரு நாளும் இது என் நினைவுக்கு வரவில்லை.

"குடிக்கமாட்டேன்," என்றேன்.

"பாத்தியா," என்று என் முழங்காலைத் தட்டினார். அந்தத் தட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

3. ஆய்வறையில் கவிச்சி

அன்றே சில வேலைகள் நடந்தன. கூடையைத் தூக்கிக்கொண்டு போய் என் ஆய்வறையில், டோஸ் அளக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏசி அறை, பூட்டு உண்டு, காக்காய்க்கு வழியில்லை. வாட்ச்மேன் வாயைப் பிளந்து பார்த்தார். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன மேடம் இது, லேபா, மீன் மார்க்கெட்டா?" என்று கேட்டார். "ரெண்டும்தான். இறால் வேணுமா?" என்றேன். போய்விட்டார்.

குமரேசனிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் முகம் சுண்டிப்போனது. மைக்கில் கத்தியதை நினைத்திருப்பான். நேராகக் கேன்டீனுக்குப் போய் ஒரு பை நிறைய ஐஸ் கொண்டுவந்து கூடையில் கொட்டினான். பிறகு கவுச்சில் உறிஞ்சும் ஷீட் ஒன்றை விரித்து, தேசம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அம்மா, இது எதுக்குத் தெரியுதா? ஏதாச்சும் ஆனாலும் இது குடிச்சுடும். சுருட்டிப் போட்டுட்டு வேற விரிச்சுப்பேன். எனக்கு இது தெனமும் நடக்கறதுதான். நீங்க வெக்கப்பட வேணாம்."

"தெனமுமா?" என்று தேசம்மா கேட்டார்.

"பெரிய பெரிய ஆபீசருங்களே போயிருக்காங்கம்மா."

அதைக் கேட்டு அவர் வாய் விட்டுச் சிரித்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் குடிக்க நானும் கூட உட்கார்ந்தேன். அவருக்கு ஒரு பாட்டில், எனக்கு ஒரு பாட்டில். மருந்து குடிக்கும் குழந்தை மாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். நடுவில் நிறுத்தி, "நீ மொதல்ல முடி," என்றார். முடித்துக் காட்டினேன். காத்திருக்கும் நேரத்தில் அவர் பேத்தியின் சேட்டைகளைச் சொல்ல, எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் உள்ளே போகும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன்.

அன்றைய படம் திரையில் வந்தபோது குமரேசன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பை நிறைந்து, குடல் மேலே போய், முதல் நாள் பிளானோடு பொருந்தி நின்றது. நான் மைக்கை வாங்கி, "தேசம்மா, ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். "சீக்கிரம் முடிம்மா," என்று உள்ளிருந்து பதில் வந்தது. கதவு திறந்ததும் அவர் போன வேகத்துக்கு நடைபாதையில் எல்லோரும் வழி விட்டார்கள்.

அதற்குப் பிறகு காலிப் படம் வரவே இல்லை. போன டோஸையெல்லாம் கூட்டிப் பார்த்ததில் குடல் தாங்கக்கூடிய அளவுக்குள்தான் இருந்தது. புது பிளான் வேண்டாம் என்றார் பெரிய டாக்டர். கட்டுரை எழுதியபோது கூட வேலை செய்தவர்கள் அந்த ஆரம்ப நாட்களுக்கு 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, 'நாங்கள் கேட்கவில்லை' என்று எழுதினேன். அறிவியல் நடை இல்லை என்றார்கள். சண்டை போட்டு, 'நோயாளியின் பணிச்சூழல் கேட்டறியப்படவில்லை' என்பதில் போய் முடிந்தது.

4. பொன்னேரி

சிகிச்சை முடிந்து ஓராண்டு போல ஆனபின் தேசம்மா பரிசோதனைக்கு வந்தார். கட்டி இல்லை. உடம்பும் தேறியிருந்தது. வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதுதானே என் பயமெல்லாம்.

"ஒரு தொந்தரவும் இல்ல. காலையில குந்துனா சாயங்காலம்தான் எழுந்துக்கறேன். நடுவுல ஒரு தடவ கூட போவ வேண்டி வரல. எல்லாம் உன் புண்ணியம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டருக்கு அது நல்ல செய்தி. எனக்கும் நல்ல செய்திதான், குடல் பிழைத்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அது நெஞ்சை அறுத்தது. அத்தனை படமும் கணக்கும் போட்டு நான் காப்பாற்றிக் கொடுத்தது, அவர் மறுபடியும் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதற்குத்தானா?

அந்தச் சனிக்கிழமை பொன்னேரியில் இறங்கினேன். மீன் விற்கும் பெண்கள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரில் ஒரு லேடீஸ் டெய்லர் கடை. நடத்துகிற அம்மாவிடம் என் சுடிதார் துணியைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். கடைக்குப் பின்னால் கழிப்பறை இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். முதலில், "கவிச்சி வரும்மா, கஸ்டமர் வருவாங்க," என்றார். என் ஆய்வறையில் இறால் இருந்த கதையைச் சொன்னேன். தேசம்மாவின் வியாதி இன்னதென்று சொல்லவில்லை, யார் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்காமல் வந்த என் வியாதியைச் சொன்னேன்.

அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எதிரே பார்த்தார். "இத்தினி வருஷமா தெனமும் பாக்கறேன். எங்க போறாங்கன்னு யோசிச்சதே இல்ல," என்றார். பின்கதவுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். படம் பொருந்தவில்லை என்றால் மிஷினைப் பாருங்கள், அதோடு அந்த மனுஷி படம் எடுப்பதற்கு முன்னால் எங்கே இருந்தாள், முடிந்ததும் எங்கே போகிறாள் என்றும் கேளுங்கள்.

சாலையைத் தாண்டிப் போய், எதிர்க் கடைக் கழிப்பறைக்கு என்று சொல்லித் தேசம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வரிசையில் கூடையோடு உட்கார்ந்திருந்த மற்றவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எனக்கு மட்டுமா? இவளுங்க எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"ஏய், கூடையப் பாத்துக்கடி," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.