பாலம் தாண்டி மாட்டிய டை

செய்தி வந்தபோது சிதம்பரம் ரயிலடி ஸ்டாண்டில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "யோவ், ஒங்க புரொபசர் மாமா காலையில போயிட்டாராம்" என்றார் பக்கத்து வண்டிக்காரர். "என் வண்டி இல்லாம எங்கய்யா போவாரு?" என்று கேட்டுவிட்டேன். வாய்ப் பழக்கம் அப்படி. யாரும் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பேராசிரியர் கலியமூர்த்தியிடம் படித்த நீங்கள் அவருக்கு நினைவு மலர் போடுகிறீர்கள். என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஒரே தெரு. பதினைந்து வருஷம் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ள.

அரசுக் கல்லூரியில் வேதியியல் நடத்திய காலத்தில், தெருவில் யார் வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாவது முடித்தாலும் அவரே போய் விண்ணப்பம் போட வைப்பார். "கவர்மென்ட் காலேஜு அம்மா வூட்டுச் சோறு மாப்ள. கொழம்பு முன்ன பின்ன இருக்கும், வயித்தக் கெடுக்காது. தனியாருன்னா ஓட்டலு. தட்டு பளபளங்கும், அடுப்படிய எட்டிப் பாத்தாதான் தெரியும்" என்பார். "நீங்க மட்டும் வாரம் ரெண்டு தடவ ஓட்டல் பரோட்டா திங்கிறீங்களே?" என்று கேட்டால் முதுகில் ஒன்று வைப்பார். வண்டி ஓட்டுகிறவனை அடிக்கலாமா? அடிப்பார்.

ஓய்வு பெற்ற மறுவருஷம், கடலூர் சாலையில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு வண்டி கேட்டார். கோட்டு போட்டிருந்தார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் பையிலிருந்து ஒரு டை வெளியே வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது போல எலாஸ்டிக் வைத்தது. என் வண்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டார்.

"பொண்ணு பாக்கவா மாமா? அத்தைக்குத் தெரியுமா?"

"சும்மா ஓட்டு மாப்ள. இன்னிக்கு இன்ஸ்பெக்ஷன். அடுத்த மாசத்துலேர்ந்து தெனம் வரப்போறேன். எவனாவது கேட்டா இப்பவே தெனம் வர்றாருன்னு சொல்லி வையி."

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் வாசலில் நிஜமாகவே கேட்டார். "தெனம் நாந்தாங்க கூட்டியாறேன். ஞாயித்துக்கெழமகூடப் போவணும்னு அடம் புடிப்பாரு, வூட்லயே இரு மாமான்னு நாந்தான் நிறுத்தி வைக்கிறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வருஷம்தான் என் மகள் நித்யாவுக்கு அரசுக் கல்லூரியில் வேதியியல் இடம் கிடைத்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் அவரிடம் போனோம். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அங்க வேணாம் மாப்ள. நம்ம யூனிவர்சிட்டில சேத்து வுடு."

"ஓட்டல் சோறாச்சே மாமா?"

"சமைக்கப் போறது நாந்தான மாப்ள?"

அந்த ஒரு வார்த்தைக்காகக் கையில் இருந்த இடத்தை விட்டோம்.

அவர் சொன்ன அடுத்த மாதம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. காலையில் அவர் வீட்டு முன்னால் ஹாரன் அடிப்பேன். "இன்னிக்கு இல்ல மாப்ள" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். நித்யா பஸ்ஸில் தனியாகப் போனாள். துறை வாசலில் அவர் பெயர்ப்பலகை தொங்கியது, அறை பூட்டியே கிடந்தது. வருஷம் முழுக்க அவள் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையைத் தொடவில்லை.

ஒருநாள் பல்கலைக்கழக ஆபீசுக்குப் போய் வந்தவள் சொன்னாள். "அப்பா, என் விண்ணப்பத்துல சேத்துவுட்டவருன்னு புரொபசர் தாத்தா பேரு போட்டிருக்கு. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அவருதான்."

ஆய்வுக்கு முகம் காட்டுவது, ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுப்பது. அவர் வேலை அவ்வளவுதான்.

அடுத்த ஆய்வுக்கும் கோட்டோடு வந்து ஏறினார். "தெனம் வர்றீங்கன்னு இந்தத் தடவ யார்கிட்ட சொல்லணும் மாமா? நித்யாகிட்டயா?" என்றேன். பாலம் வந்தது. கண்ணாடிக்குக் கை நீட்டியவர், என் முகம் தெரியாதபடி அதை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, பார்க்காமலே டையை மாட்டினார். கோணலாகப் போயிற்று. பதினைந்து வருஷத்தில் கேலி செய்யாமல் நான் விட்டது அது ஒன்றைத்தான். அப்படியே இறங்கிப் போனார். அதுதான் கடைசிச் சவாரி.

சாவு வீட்டு வாசலில் அந்தப் பல்கலைக்கழகம் பேனர் கட்டியிருந்தது. 'மாணவர் நெஞ்சில் நிறைந்த பேராசிரியர்.' அன்றைக்கு எடுத்த படம் போலிருக்கிறது, டை கோணலாக இருந்தது. அங்கிருந்து வந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதான சாரத் தெனம் கூட்டியாருவீங்க? எரங்கல் கூட்டத்துல ரெண்டு வார்த்த பேசுங்க."

"நான் அங்க கூட்டியாந்தது ரெண்டு நாளுதாங்க" என்றேன்.

என்னோடு வந்திருந்த நித்யா, ஒரு வருஷத்தை விட்டுவிட்டு இப்போது அரசுக் கல்லூரியில் மறுபடி முதல் வருஷம் படிக்கிறாள். திரும்பும்போது, "வேற யாரு சொல்லியிருந்தாலும் அங்க சேந்திருக்க மாட்டோம்ப்பா" என்றாள். எனக்கும் அதுதான் ஆறவில்லை.

கடைசிச் சவாரியில் திரும்பும்போது அவர் கழற்றிப் போட்ட டை என் டூல்ஸ் பெட்டியில் கிடக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அம்மா வீட்டுச் சோற்றுக் கதையையும் வைத்திருக்கிறேன். எந்தக் காலேஜ் நல்லது என்று சவாரிக்காரர்கள் கேட்டால் அவர் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன். அன்றைக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை, "தப்புதான் மாப்ள" என்றிருந்தால் போதும். வண்டியை ஓரங்கட்டி, "டை கோணல் மாமா" என்று நானே சரி செய்து விட்டிருப்பேன்.